தகிட தகிட

அண்ணா,

வணக்கம். இங்கே ஃபீனிக்ஸில் ஒரு குத்துச்சண்டைக் கூடத்துக்கு 3 மாதமாகப் போகிறேன். கோச் தினமும் 15 நிமிடம் என்னை ஸ்பீட் பேக்கில், அதாவது பலகையின் கீழே தொங்கும் சின்னப் பையில், விட்டுவிடுகிறார். சண்டையில் யாரும் அப்படிக் குத்துவதில்லை, அது வெறும் ஷோ என்று யூடியூபில் சொல்கிறார்கள். அந்த நேரத்தையும் ஓங்கிக் குத்தும் கனமான ஹெவி பேக்குக்கே கொடுத்தால் என்ன? வீட்டுக்கு ஒரு ஸ்பீட் பேக் வாங்கினால் எந்த அளவு வாங்கலாம்? அப்பாவோ பாக்ஸிங்கே ரவுடிகளுக்கு என்கிறார்.

ச., டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தம்பி,

அப்பாவை ஒருநாள் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. பை பெரியதாகவே வாங்கு, சிறியது வேகமாகத் திரும்பும், இப்போது உனக்கு அது ஆகாது. சரி, அது போதும்.

ஷோ என்று எழுதிவிட்டாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. இந்த வாரம் முழுக்க மாமா நினைப்பாகவே இருந்தேன், அந்த நேரம் பார்த்து உன் கடிதம்.

மாமா டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். அங்கிருந்தவர்களை 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்களே, அப்போது வந்த குடும்பம். கராஜ் உத்தரத்தில் ஒரு வட்டப் பலகை, அதன் கீழே பேரிக்காய் போலத் தோல் பை. அவர் இளமையில் வெள்ளைக்காரனோடு ஒரே ரிங்கில் ஏற நிறவெறிச் சட்டம் விடவில்லை. ஜோஹானஸ்பர்க்கில் கறுப்பின அமெரிக்கரான பாப் ஃபாஸ்டரும் வெள்ளையரான பியெர் ஃபூரியும் ஒரே ரிங்கில் மோதியது 1973 டிசம்பரில்தான். மாமாவுக்கு அப்போது நாற்பது தாண்டிவிட்டது. சண்டை போடும் வயது போன பிறகும் விடியற்காலையில் அந்தப் பையைத் தட்டிக்கொண்டிருந்தார். யாருக்கு ஷோ காட்டினார், சொல்லு?

யூடியூப்காரர் சொல்வதில் ஒன்று உண்மை. ஸ்பீட் பேக்கில் குத்து இல்லை. முஷ்டியின் பக்கத்தால் சின்ன வட்டம் போட்டுத் தட்டுகிறோம், அவ்வளவுதான். குத்துக்குப் பலம் ஏற ஹெவி பேக்தான் வேண்டும். ஆனால் ஹெவி பேக்கில் ஒரு குத்து விட்டுக் கையைத் தொங்கப் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஸ்பீட் பேக் அப்படி விடாது. பையின் பருத்த பாகம் உன் வாய்க்கு நேராக இருக்க வேண்டும். 3 நிமிட ரவுண்டு முழுக்கக் கை அந்த உயரத்திலேயே நிற்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் தோள்பட்டை எரியும். அந்த எரிச்சலுக்காகத்தான் தம்பி உன் கோச் உன்னை அங்கே விடுகிறார்! களைத்த கை தானாக இறங்கும், இறங்குவது நமக்குத் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. 17 வயதில், ஓர் அமெச்சூர் சண்டையின் மூன்றாவது ரவுண்டில், இடது கை எப்போது இறங்கியது என்று இன்றுவரை தெரியாது. தாடையில் விழுந்தது மட்டும் தெரியும். மாமா திட்டவில்லை. ஐஸைத் துணியில் சுற்றி வைத்தார். மறுநாள் கராஜில் துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டு, "தட்டு" என்றார்.

கோயில் பஜனையில் மிருதங்கம் வாசிப்பவர் அவர். நாம் ஒருமுறை தட்டினால் பை பலகையில் மூன்றுமுறை மோதும். அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். "தகிட, தகிட" என்று பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் இடது கை கொஞ்சம் தாழ்ந்ததும் பை கோணலாகப் போய், "தகிட" "தக...ட" ஆனது. கட்டிய கண்ணோடு அதைக் கேட்டேன். வலது கை ஒழுங்கு, இடது கைதான் திருடன். ரிங்கில் அடிபட்டும் புரியாதது அங்கே காதில் விழுந்தது.

நீ செல்போனை நிறுத்தி வைத்து, வேகம் வந்துவிட்டதா என்று உன்னையே படம் பிடித்துப் பார்க்கிறாய் என்று நினைக்கிறேன். அதை விடு. மெதுவாகத் தட்டு, காதைக் கொடு.

அப்புறம், எனக்கு வீடியோ அனுப்பாதே. செல்போனைத் தரையில் வைத்து ஒரு ரவுண்டின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பு. எந்தக் கை இறங்குகிறது என்று நான் சொல்கிறேன்.