சீஸ் தட்டுக்கு மூன்று தவணையா?

கேள்வி: ஐயா, நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். கிறிஸ்துமஸ் விருந்து எங்கள் குடும்பத்தில் வருஷத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வரும். இந்த முறை எங்கள் வீடு. போன வருஷம் நாத்தனார் ஒரு பெரிய மரப்பலகையில் சீஸ், பழம், பிஸ்கட் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டதைவிடப் படம் எடுத்ததுதான் அதிகம். எங்கள் வீட்டிலும் அது வேண்டும் என்கிறார்கள் பிள்ளைகள். பெரியவர்கள் 16 பேர், சிறுவர்கள் 9 பேர் வருவார்கள். ஒரு கடையில் தயாராக அடுக்கிய தட்டு 420 ரிங்கிட், வட்டியில்லாமல் மூன்று தவணையில் கட்டலாமாம். நானே செய்தால் மலிவாக இருக்குமே என்று பட்டியல் போட்டேன். ஆறு வகை சீஸ் 1.8 கிலோ 252, மரப்பலகை 89, சீஸ் கத்தி செட் 39, இறக்குமதி பிஸ்கட் நான்கு பெட்டி 52, அத்திப்பழ ஜாமும் தேனும் 58, திராட்சையும் உலர்பழமும் 46. மொத்தம் 536! பேசாமல் கடையிலேயே வாங்கிவிடலாமா? கிரெடிட் கார்டில் மகளின் பல் கம்பிக்குக் கட்டிய 2,300 பாக்கி இருக்கிறது. மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன்.

பதில்: உங்கள் பட்டியலில் 128 ரிங்கிட்டை யாராலும் சாப்பிட முடியாது, சகோதரி. பலகையும் கத்தியும் ஒருநாள் வேலை முடிந்ததும் அலமாரிக்கு மேலே போய்விடும். சப்பாத்திக் கட்டை இருக்கிறதா? அதைக் கழுவிக் காயவைத்து, பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தில் வாழை இலை விரித்தால் போதும். படத்துக்கும் அதுதான் அழகு. வெட்டுவதற்குக் காய் நறுக்கும் கத்தி, தடவுவதற்கு வெண்ணெய்க் கத்தி.

அடுத்தது அளவு. 1.8 கிலோவை 25 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 72 கிராம். பிரியாணியும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் கேக்கும் முடிந்து வருகிறவர்கள் அவ்வளவு சாப்பிட மாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் பெரியவருக்கு 40 கிராம், பிள்ளைக்கு 20 கிராம் கணக்கே தாராளம். 16 பேருக்கு 640, 9 பேருக்கு 180, மொத்தம் 820. சரி, 850 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வகையும் வேண்டாம். ஒரு கெட்டி, ஒரு நடுத்தரம், ஒரு மென்மை போதும்: செட்டார் 400, கௌடா 250, பிரீ 200. நீங்கள் போட்ட விலைப்படி சராசரி 100 கிராம் 14 ரிங்கிட், அதாவது 119. செட்டார் பங்கு கூடுவதால் இன்னும் கொஞ்சம் குறையலாம்.

நீலப்பூசணச் சீஸை நான் ஒருமுறை வாங்கி வைத்தேன். பெரியப்பா ஒரு துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "கெட்டுப்போயிருக்கு தம்பி, தூக்கிப் போட்டுடு" என்றார். யாரும் தொடவில்லை. தொடாத சீஸ்தான் தட்டிலேயே விலை கூடிய சீஸ். அதே காரணத்துக்காக உறையைத் திருப்பிப் பாருங்கள். பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பை நொதியைச் சேர்க்கும் சீஸ்கள் உண்டு. இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ அப்படித்தான். சைவ விருந்தாளி இருந்தால் தாவர அல்லது நுண்ணுயிர் நொதி என்று போட்டதை எடுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தையும் கூப்பிடுகிறீர்கள் என்றால் ஹலால் முத்திரையும் வேண்டும்.

இப்போது வீட்டில் செய்வது. "வீட்டில் செய்தால் மலிவு" என்பது பாதிதான் உண்மை. பிஸ்கட்டை நீங்களே சுட்டால் வெண்ணெய், மாவு, அடுப்பு மின்சாரம், ஒரு முழு மதியம் எல்லாம் சேர்ந்து பெரிதாக மிச்சமாகாது. இரண்டு பெட்டி வாங்குங்கள், 26. மீதி இடத்தைக் கிறிஸ்துமஸுக்கு எப்படியும் சுடப்போகும் அச்சு முறுக்கும் ஓமப்பொடியும் நிரப்பட்டும். அச்சு முறுக்கை ஒடித்து அதன்மேல் பிரீ கொஞ்சம் தடவிப் பாருங்கள், அப்புறம் இறக்குமதி பிஸ்கட்டைத் தேட மாட்டீர்கள்.

காசு மிச்சமாவது ஜாமிலும் தேனிலும்தான். 58 ரிங்கிட் போத்தல்களுக்குப் பதில் ஓர் அன்னாசியில் சட்னி. பொடியாக நறுக்கி, 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, அரைக் கோப்பை வினிகர், துருவிய இஞ்சி, இரண்டு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, ஓர் அன்னாசிப்பூ, சிட்டிகை உப்பு சேர்த்துச் சிறுதீயில் முக்கால் மணி நேரம். கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தப் பாதை உடனே மூடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். கொதிநீரில் போட்டுக் காயவைத்த போத்தலில் சூடாகவே ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் முன்னாலேயே செய்தால் வினிகரின் காரம் அடங்கி இன்னும் நன்றாக இருக்கும். 12 ரிங்கிட்டுக்குள் முடியும். பாலிக் புலாவ் பக்கம் போனால் பச்சை ஜாதிக்காய் வாங்கி, சதையை நறுக்கி உப்பில் ஊறவைத்துப் பிழிந்து இதே முறையில் செய்யலாம். பினாங்கு வீட்டில் அத்திப்பழ ஜாமைவிட அதற்குத்தான் மதிப்பு. முந்திரியும் நிலக்கடலையும் பாதிப் பாதி, கறிவேப்பிலை, மிளகோடு வறுக்க 18. கொய்யா, நட்சத்திரப்பழம், கொஞ்சம் திராட்சைக்கு 20.

கூட்டுங்கள்: 119, 12, 18, 26, 20. மொத்தம் 195.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கவலை அங்கேதான். நம் நாட்டில் கார்டு வட்டியின் உச்சம் வருஷத்துக்கு 18 விழுக்காடு. அந்த விகிதத்தில் 2,300-க்கு மாத வட்டி 34.50. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்றால் 115. அதில் உங்கள் கடனைத் தொடுவது 80.50 மட்டும். இன்னொன்று: 20 நாள் வட்டியில்லா அவகாசம் முழுப் பாக்கியையும் அடைப்பவருக்குத்தான். பாக்கி வைத்திருக்கிறவர் புதிதாக எது வாங்கினாலும் அவகாசம் கிடையாது. வாங்கும் பிரீ கார்டுக் கணக்கில் பதிவான நாளிலிருந்தே அதன்மேல் வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

"தவணைக்குத்தான் வட்டி இல்லையே" என்பீர்கள். அந்தத் தவணையை எதில் இணைக்கப் போகிறீர்கள்? கார்டில் இணைத்தால் 140, 140, 140 என்று மூன்றும் அதே 2,300-இன் மேல் போய் உட்காரும். கடைக்காரர் வட்டி கேட்கவில்லை, வங்கி கேட்கும். அதோடு 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியிலேயே தொடங்குகிறது. சீருடை, காலணி, பள்ளி பஸ் காசு எல்லாம் வருகிற அதே வாரத்தில், டிசம்பர் 25 அன்று தின்று முடித்த சீஸுக்கு இரண்டாவது தவணையும் வரும்.

தவணை வேண்டுமென்றால் விருந்துக்கு முன்னால் கட்டுங்கள். டிசம்பர் முதல் வார மளிகையோடு செட்டாரும் கௌடாவும் முந்திரியும். மூடிய உறையில் கெட்டிச் சீஸ் ஃபிரிட்ஜில் தாராளமாக நிற்கும், தேதியை மட்டும் பாருங்கள். இரண்டாம் வாரம் அன்னாசி. 23-ஆம் தேதி பிரீயும் பழமும். மூன்றும் ரொக்கமாக, அல்லது டெபிட் கார்டில். கடைத் தட்டோடு பார்த்தால் மிச்சம் 225. அது உங்கள் கையில் இருக்கிற அளவுக்குக் கார்டில் கட்டிவிடுங்கள். முழுசாகக் கட்டினால் வருஷத்துக்கு 40 ரிங்கிட் சொச்சம் வட்டி குறையும், ஆனால் அடுத்த மாதக் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் இதைத் தனியாகக் கட்ட வேண்டும்.

அன்றைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ஊர் வெக்கைக்குச் சீஸை ஒரு மணி நேரம் முன்னால் எடுத்து வைக்கும் பழக்கம் சரிவராது. இருபது நிமிடம் போதும். பாதியை மட்டும் பரப்பி, மீதியை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டாவது சுற்றுக்கு எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த பிரீயைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம். பிரிக்காத கௌடா மிஞ்சினால் ஜனவரியில் பிள்ளைகளின் ரொட்டிக்கு ஆகும். சட்னியில் ஒரு போத்தலை நாத்தனாருக்குக் கொடுத்தனுப்புங்கள்.