ஒரு கேபினுக்கு 13 நிமிடம்: வாசகர் கேள்வி-பதில்

2009 முதல் 2020 வரை பயணிகள் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகள் தங்கும் அறைகளைச் சுத்தம் செய்து கவனிப்பவனாக, வேலை பார்த்தேன். பெரும்பாலும் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் கிளம்பி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு, ஏழு ராத்திரி கழித்து அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்கள். இப்போது சொந்த ஊரான தூத்துக்குடியில் ஒரு லாட்ஜின் அறைகளைக் கவனித்துக்கொள்கிறேன். கப்பல் அறைகளைப் பற்றி எழுதிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முதல் கேள்வியைத்தான் கேட்டிருந்தன.

கேள்வி: காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குகிறார்கள், மதியமே வேறு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். அதற்குள் அத்தனை அறைகளையும் நிஜமாகவே சுத்தம் செய்ய முடியுமா? விரிப்பை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுவீர்களா?
- வாசகி, கும்பகோணம்

நியாயமான சந்தேகம், அம்மா. கணக்கைச் சொல்கிறேன். என் பொறுப்பில் 18 கேபின். கடைசிப் பயணி வெளியேறும்போது மணி 9.30 ஆகிவிடும். 1.30-க்கு 'கேபின்கள் தயார்' என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். நடுவில் இருப்பது 240 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேபினுக்கு 13 நிமிடம் சொச்சம்.

ஒவ்வொரு கேபினாக முடித்துக்கொண்டு போனால் அந்த 13 நிமிடம் போதவே போதாது. அதனால் அப்படிச் செய்ய மாட்டோம். முதல் சுற்றில் எல்லாக் கேபினிலும் படுக்கையைப் பிரித்துவிடுவோம். விரிப்பு ஒரு மூட்டை, துண்டு ஒரு மூட்டை, குப்பை தனி. அப்போதே பெட்டகம், இழுப்பறை, கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவின் பின்பக்கம், பால்கனி நாற்காலி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பெட்டகத்துக்குள் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

அடுத்ததுதான் முக்கியம். குளியலறை முழுக்கக் கிருமிநாசினியை அடித்து, ஈரத்தோடு அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம். மருந்து அடித்தவுடன் துடைத்தால் அழுக்கு போகும், கிருமி சாகாது. மருந்தின் லேபிளில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம் அந்த இடம் ஈரமாகவே இருக்க வேண்டும். என் கப்பலில் நாங்கள் பயன்படுத்திய மருந்துக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் படுக்கை போட்டுவிடுவேன். திரும்பி வந்து கண்ணாடி, வாஷ்பேசின், குளிக்கும் இடம் என்று வரிசையாகத் துடைப்பேன். டாய்லெட் கடைசியில், அதற்கென்று இருக்கிற சிவப்புத் துணியால் மட்டும். சிவப்புத் துணி வேறு எதையும் தொடக் கூடாது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அந்த ஈரமான பத்து நிமிடத்தைக் காப்பாற்றுவதுதான் இந்த வேலையில் உண்மையான சுத்தம் என்று நான் நம்புகிறேன்.

பிறகு டிவி ரிமோட், போன், விளக்கு சுவிட்ச், கதவுக் கைப்பிடி. கை அதிகம் படும் இடங்கள் இவைதான், அவசரத்தில் விட்டுப்போவதும் இவைதான். கடைசியாக உள்மூலையில் ஆரம்பித்து வாசல்வரை வாக்குவம் கிளீனர். அதன்பின் உள்ளே கால் வைக்கக் கூடாது. சூப்பர்வைசர் வந்து கதவு நிலையின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார்.

நேரத்தைத் தின்பது அழுக்கு என்று நினைப்பீர்கள். கட்டில்தான் தின்னும். கேபின் கட்டில் என்பது பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில்கள். தம்பதி வந்தால் சேர்த்துப் போட வேண்டும், நண்பர்கள் வந்தால் பிரித்துப் போட வேண்டும். குழந்தைகள் வந்தால் கூரையிலிருந்து மேல்பங்க்கை இறக்கி ஏணி மாட்டி, அவர்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வைக்க வேண்டும். முந்தின ராத்திரியே பட்டியல் கைக்கு வந்துவிடும். 18-இல் ஏழெட்டு மாற்றம் இருந்தால் அன்று முதுகு தாங்காது.

உங்களுக்குக் குறித்த நேரத்தில் கேபினை விட்டுக் கிளம்புங்கள் என்று பயணம் போகிற எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கூடுதலாக இருக்கும் அரைமணி நேரம் அடுத்து வரும் குடும்பத்தின் சுத்தத்திலிருந்துதான் குறையும்.

கேள்வி: என் பெற்றோருக்கு 70 வயதாகிறது, இருவருக்கும் சர்க்கரை நோய். கப்பலில் வாந்தி-பேதி பரவியதாகச் செய்தி படித்தேன். அவர்களுக்கு முன்னால் அதே அறையில் இருந்தவருக்கு அப்படி இருந்திருந்தால்?
- வாசகர், நாகர்கோவில்

நீங்கள் படித்தது நோரோவைரஸாக இருக்கும். மிகக் கொஞ்சம் கிருமி உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்கவைத்துவிடும். மேஜையிலும் கைப்பிடியிலும் நாள்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கையில் தடவும் சானிட்டைசர் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். பெற்றோரிடம் இந்த ஒன்றை மட்டும் நூறு தடவை சொல்லி அனுப்புங்கள்.

நோய் என்று தெரிந்த கேபினுக்குள் நாங்கள் சாதாரணமாகப் போவதில்லை. கவுன், கையுறை, முகமூடியோடு தனிக்குழு போகும். அங்கிருக்கும் விரிப்பை உதறக் கூடாது. வெந்நீரில் கரைந்துவிடும் பையில் கட்டி, பையோடு வாஷிங் மெஷினில் போடுவார்கள். பரப்புகளுக்குக் குளோரின் கரைசல். பத்து லட்சத்தில் 1,000 முதல் 5,000 பங்கு குளோரின் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை.

வெளிநாடு போய் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வரும் பயணிகள் கப்பல்களை அந்த மையத்தின் ஆட்கள் வந்து சோதிப்பார்கள். 13 பயணிகளோ அதற்கு மேலோ ஏற்றும் கப்பல் என்றால் இந்தச் சோதனைக்குள் வந்துவிடும். வருவதைச் சொல்ல மாட்டார்கள். நூறு மார்க்கில் 85-ம் அதற்குக் கீழும் வாங்கினால் ஃபெயில். கப்பல்காரர்கள் இதை 'யூ.எஸ்.பி.எச்.' என்று சொல்வோம். எங்களுக்கு அமெரிக்கத் துறைமுகம் என்றாலே ஆள் மாறும் நாள்தான். ஆகவே அந்த 240 நிமிடத்துக்கு நடுவில்தான் இவர்களும் வந்து நிற்பார்கள். கப்பலின் அடித்தளத்தில் ஊழியர்கள் நடக்கும் நீண்ட வழிக்கு, அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரால் 'ஐ-95' என்று பெயர். 'யூ.எஸ்.பி.எச். வந்தாச்சு' என்ற சேதி அந்த வழியாக ஐந்து நிமிடத்தில் கப்பல் முழுக்கப் போய்விடும். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. அந்தச் சோதனை இருப்பதால்தான் பத்து நிமிட ஈரத்தைக் குறைக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்டதில்லை. நூற்றுக்கு மூன்று பயணிகளோ ஊழியர்களோ வயிற்றுக்கோளாறு என்று மருத்துவரிடம் போய்விட்டால், மையம் அந்தக் கப்பலின் பெயரையே வெளியிட்டுவிடும்.

உண்மையான ஆபத்து வேறு. கேபினுக்குள்ளேயே அடைத்துவைப்பார்கள் என்று பயந்து பலர் நோயை மறைப்பார்கள். பேதி ஆனதைச் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு பஃபே வரிசையில் நிற்பார்கள். நாங்களும் சாதாரணக் கேபின் என்று நினைத்து சாதாரணமாகத் துடைப்போம். உங்கள் பெற்றோருக்கு ஒருவேளை வயிறு சரியில்லாமல் போனால், முதலில் மருத்துவரிடமும் ஸ்டூவர்டிடமும் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களில் எவரும் முகம் சுளிக்க மாட்டோம்.

கேள்வி: துண்டில் யானை எப்படிச் செய்வீர்கள், மாமா?
- ஆறாம் வகுப்பு மாணவி, மதுரை

குளிக்கும் பெரிய துண்டை இரண்டு ஓரத்திலிருந்தும் நடுவை நோக்கி இறுக்கிச் சுருட்டு. சுருட்டியதை நடுவில் மடக்கி நிறுத்தினால் நாலு கால் வந்துவிடும். சின்னத் துண்டின் மேல் மூலை இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, கூம்புபோல் சுருட்டினால் தும்பிக்கை. மீதியைப் பின்னால் மடித்துவிட்டால் காது. அதைக் கால்மேல் வை. துண்டு புதுசாக, மொடமொடவென்று இருந்தால் நிற்கும். பழைய துண்டு சரிந்துவிடும். இது ராத்திரி படுக்கையைத் தயார் செய்யும்போது வைப்பது, கண்ணு. ஆள் மாறும் நாள் காலையில் யானைக்கு நேரமில்லை.

கேள்வி: என் மகன் கேட்டரிங் முடித்திருக்கிறான். கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலை வாங்கித் தர ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், ராமநாதபுரம்

கொடுக்காதீர்கள், ஐயா. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகம், இவற்றின் செலவைத்தான் உங்கள் மகன் ஏற்க வேண்டியிருக்கும். விசாச் செலவுகூடக் கப்பல் கம்பெனியுடையது. ஏஜென்டிடம் ஆர்.பி.எஸ்.எல்., அதாவது மாலுமிகளை வேலைக்குச் சேர்த்துவிடுவதற்கான உரிமம், இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணை வாங்கி, மத்திய அரசின் கப்பல் துறை தலைமை இயக்குநரக இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். எண் சொல்லத் தயங்கினால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நான் முதல்முறை போனபோது நகையை அடகுவைத்துப் பணம் கொடுத்தேன். அதை மீட்க இரண்டு கான்ட்ராக்ட் ஆனது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலையைப் பற்றியும் மகனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏழெட்டு மாதம் வாராந்திர விடுமுறை கிடையாது. அதே உடன்படிக்கைப்படி 24 மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், அதில் ஆறு மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த எண்களை அவன் மனப்பாடம் செய்துகொண்டு ஏறட்டும். ஓய்வு நேரக் குறிப்பில் தான் எடுக்காத ஓய்வை எடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் போடக் கூடாது.

கேள்வி: பயணிகள் விட்டுப்போனதில் மறக்க முடியாதது எது?
- வாசகி, பாளையங்கோட்டை

காது கேட்கும் கருவி. வயதான ஒரு தம்பதி. கணவர் கடைசி ராத்திரி கருவிகள் இரண்டையும் டிஷ்யூ தாளில் மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். காலையில் அவசரத்தில் மறந்துவிட்டார். பழைய டிஷ்யூ என்று நினைத்து நான் குப்பையில் போட்டுவிட்டேன். அது என் தவறு. 9.45-க்கு முனையத்திலிருந்து போன் வந்தது, அவர் மனைவி அழுகிறார் என்று. மூட்டை ஏற்கெனவே கீழே போயிருந்தது.

கப்பலில் குப்பை அப்படியே எங்கும் போகாது. கார்பேஜ் ரூமில் கையால் தரம் பிரிப்பார்கள், அதனால் நம்பிக்கையோடு ஓடினேன். அங்கிருந்த இரண்டு பேர் என்னோடு சேர்ந்து மூட்டைகளைத் தரையில் கொட்டினார்கள். ஒன்று கிடைத்தது. மற்றதைத் தேடி வேறு மூன்று மூட்டைகளையும் பிரித்தோம், கிடைக்கவில்லை. கிடைத்ததைப் பாதுகாவலர் மூலம் முனையத்துக்குக் கொடுத்தனுப்பினேன். அதன்பிறகு மடித்த தாள் எதையும் விரித்துப் பார்க்காமல் நான் எறிந்ததில்லை.

மேலே வரும்போது மணி 10.40. என் 18 கேபின்களும் அப்படியே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து கேபினில் படுக்கை பிரித்து, குளியலறைக்கு மருந்து அடித்து, ஈரமாக இருந்தது. பக்கத்துப் பகுதி ஸ்டூவர்ட், இந்தோனேசியாவின் பாலித் தீவுக்காரர், செய்துவைத்திருந்தார். அவருக்கும் அன்று 18 கேபின். நான் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை. தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பகுதிக்குப் போய்விட்டார்.