ராமேஸ்வரத்தில் எந்தப் பக்கம் அறை எடுக்கலாம்?

கேள்வி: மதுரையிலிருந்து அம்மா, மனைவி, பிள்ளைகளோடு இரண்டு நாள் ராமேஸ்வரம் போகிறோம். கோயிலை ஒட்டித் தங்குவதா, கூட்டமில்லாத பாம்பன், தங்கச்சிமடம் பக்கமா?

முதலில் ஒன்றை அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: தீர்த்தமாடப் போகிறார்களா? ஆமாம் என்றால் கோயிலுக்குக் கிழக்கே, அக்னி தீர்த்தத்தை ஒட்டி அறை எடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

காரணம் ஈரத்துணி. அங்கே முறை இப்படி: முதலில் அக்னி தீர்த்தக் கடலில் முழுக்கு. அதே ஈரத்தோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் வாளியால் இறைத்து ஊற்றுவார்கள். அப்புறம் உலர்ந்த துணி உடுத்திக்கொண்டுதான் சாமி பார்க்க முடியும். ஈரத்தோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள்.

இது தெரியாமல் முதல் தடவை நாங்கள் மாட்டிக்கொண்டோம். இணையத்தில் ‘கோயிலுக்கு மிக அருகில்’ என்று போட்டிருந்த ஒரு விடுதியைப் பிடித்தேன். போய்ப் பார்த்தால் பேருந்து நிலையத்துப் பக்கம். கோயிலிலிருந்து மேற்கே சுமார் 2 கிலோமீட்டர். ஐப்பசி மாதம், விடியற்காலை. கடைசிக் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றி முடிந்த பிறகுதான் மாற்றுத்துணிப் பை அறையிலேயே கிடப்பது நினைவு வந்தது. மூட்டுவலிக்காரியான அம்மா நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். கூப்பிட்ட ஆட்டோக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, “சீட்டு நனையும்ணே” என்று போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

அடுத்த தடவை கிழக்கே, அக்னி தீர்த்தத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன லாட்ஜ். அறை சுமார்தான். ஆனால் அதிகாலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு அம்மா தானாகவே நடந்து வந்தாள். கடலை ஒட்டித் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலும் இருக்கிறது; கோயில் நிர்வாகத்தின் விடுதிகளும் உண்டு. இரண்டுக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆடி, தை அமாவாசையை ஒட்டிப் போகாதீர்கள். தர்ப்பணக் கூட்டத்தில் அந்தப் பக்கம் அறை கிடைப்பதே பெரும்பாடு.

பிள்ளைகள் கடலுக்காக ஏங்குவார்கள் என்றால் அக்னி தீர்த்தம் ஏமாற்றும். அலையே இருக்காது. “என்னப்பா, நம்ம ஊர் கண்மாய் மாதிரி இருக்கு” என்றான் என் சின்னவன். முழுக்குப் போட்டவர்கள் விட்டுப்போன துணி வேறு காலைச் சுற்றும். தனுஷ்கோடியில் மணல் அழகு, ஆனால் அங்கே எச்சரிக்கையாக இருங்கள். வடக்கே அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், தெற்கே சீறுவதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அந்த ஆண் கடலில் பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. தங்க வசதி கிடையாது, பொழுது சாயும் முன் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். ஆற அமர விளையாட உச்சிப்புளிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியமான் கடற்கரைதான் சரி. மதுரைக்குத் திரும்பும் வழியிலேயே வருகிறது.

பாம்பன் பக்கம் எப்போது? சொந்தக் கார் இருக்கிறது, கோயில் இரண்டாம் பட்சம், காற்று வாங்கினால் போதும் என்றால் தாராளமாக. விவேகானந்தர் 1897இல் கரையிறங்கிய குந்துகாலில் மாலை நேரம் அமைதியாக இருக்கும். கோயில் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தங்கச்சிமடத்துக்கும் இதே கதைதான்.

ரயிலில் வருவதானால் கவலை குறைவு. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்தபின் வண்டி மறுபடியும் ராமேஸ்வரம் வரை வருகிறது. நிலையம் கோயிலிலிருந்து ரொம்பத் தூரமில்லை.

நானாக இருந்தால் ஒரே இரவுதான் தங்குவேன், அதுவும் கிழக்கே. மறுநாள் தரிசனம் முடித்து, அறையைக் காலி செய்து, பைகளைக் காரில் போட்டுக்கொண்டு தனுஷ்கோடி, மதியத்துக்குமேல் அரியமான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர்தானே.

பதிவு செய்யும் முன் விடுதிக்குப் போன் போட்டு, கிழக்குக் கோபுரத்திலிருந்து எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். “ஆட்டோவில் அஞ்சு நிமிஷம் சார்” என்று பதில் வந்தால் அடுத்த நம்பரைப் போடுங்கள்.