பளபளக்கும் கிளினிக் பாதுகாப்பானதா?

கேள்வி: எங்கள் ஊரில் குளிர்சாதன வசதியுடன் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் வேர் சிகிச்சை செய்துகொள்ள இருக்கிறேன். கருவிகளை முறையாகச் சுத்தம் செய்கிறார்களா என்பதை ஒரு சாதாரண நோயாளி எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கமும் இருக்கிறது.
— வாசகி, நாமக்கல்

பதில்: தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர் கோபப்படமாட்டார். நேரமிருந்தால் கருவிகளைச் சுத்திகரிக்கும் அறைக்கே அழைத்துப்போய்க் காட்டுவார். குளிர்சாதனமும் கண்ணாடிக் கதவும் அந்தக் கட்டடத்தின் வாடகையைப் பற்றி ஏதாவது சொல்லலாமே தவிர, கருவிகளைப் பற்றி எதுவும் சொல்லாது.

நீங்கள் பார்க்கவேண்டிய முதல் பொருள், ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் கொண்ட ஒட்டிய உறை. உங்கள் வாய்க்குள் வரும் கருவிகள் அந்த உறையிலிருந்து உங்கள் கண்முன்னே பிரித்தெடுக்கப்படவேண்டும். ஆட்டோகிளேவ் என்னும் இயந்திரம் குக்கரைப்போல நீராவியை அழுத்தத்தில் அடைத்து, 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ வைத்திருந்து கிருமிகளை அழிக்கிறது. உறையின் மேலுள்ள குறி நிறம் மாறியிருந்தால் அது வெப்பத்தின் வழியே வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளே கிருமி உண்மையிலேயே மடிந்ததா என்பதை, வெப்பத்தை எளிதில் தாங்கும் நுண்ணுயிர் வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் சோதனைதான் காட்டும். அதை வாரம் ஒரு முறையாவது செய்து பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். கொதிக்கும் நீரில் போட்டெடுப்பது இதற்கு ஈடாகாது. பல கிளினிக்குகளில் நீல விளக்கு எரியும் புற ஊதாக்கதிர்ப் பெட்டி ஒன்றைக் காட்டி அதில்தான் கருவிகள் சுத்தமாகின்றன என்பார்கள். ஏற்கெனவே சுத்தம் செய்தவற்றை வைத்திருக்க அது உதவலாம், ஆனால் ஆட்டோகிளேவின் வேலையை அது ஒருபோதும் செய்யாது.

பல்லைக் குடையும் ஏரோட்டரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது நிற்கும் கணத்தில் எச்சிலும் இரத்தமும் கலந்த நீர் அதன் உட்புறத்துக்கு உறிஞ்சப்படக்கூடும் என்பதால், ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் வெளிப்புறத்தைத் துடைப்பது போதாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் அதையும் ஆட்டோகிளேவில் வைத்தாகவேண்டும். கழுவி, எண்ணெயிட்டு, உறையிலிட்டு, சூடேற்றி, உலர்த்தி எடுப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேலாகும். மாலை முழுவதும் இடைவிடாமல் நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் ஒன்றோ இரண்டோ ஏரோட்டர்கள்தான் இருக்கின்றன என்றால் கணக்கு எப்படி ஒத்துவரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். என்னைக் கேட்டால், 'உங்களிடம் எத்தனை ஏரோட்டர் இருக்கிறது?' என்ற ஒரே கேள்வி, சுவரில் மாட்டிய பத்துச் சான்றிதழ்களைவிட அதிகம் சொல்லிவிடும்.

கேள்வி: பல் சிகிச்சைக்குப் பின் மூளைத்தொற்று ஏற்பட்டுச் சிலர் இறந்ததாகச் செய்தி படித்தேன். அது உண்மையா? பல்லிலிருந்து மூளைக்கு நோய் போகுமா?
— வாசகர், ஆம்பூர்

பதில்: உண்மைதான். 2022–23-இல் திருப்பத்தூர் மாவட்டத்தில் நடந்தது அது. மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய், வழக்கத்துக்கு மாறாக மூளையைத் தாக்கியது. கண்டறியப்பட்ட 21 பேரில் 10 பேர் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். கிருமி நீக்காத கருவியால், வாயைக் கழுவப் பயன்படும் சலைன் (உப்புக்கரைசல்) பாட்டிலைத் திறந்து, தளர்வாக மூடிவைத்து, அடுத்தடுத்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியது வழியாயிற்று என்று 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் இங்கே பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். சில பத்து ரூபாய் சலைனை மிச்சப்படுத்தியதுதான் நடந்தது.

ஆகவே பல் எடுக்கும்போதும் ஈறு அறுவையின்போதும் உங்களுக்கெனப் புதிதாகத் திறந்த பாட்டிலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடவேண்டும். ஏரோட்டரிலிருந்து தெறிக்கும் நீரும் இதே போன்றதுதான்: மெல்லிய குழாய்களின் உட்சுவரில் நுண்ணுயிர்ப் படலம் வளர்வதால், குழாயை அவ்வப்போது மருந்திட்டுச் சுத்தம் செய்யவேண்டும்; ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் 20 முதல் 30 நொடிகள் நீரை ஓடவிடவும் வேண்டும். எலும்பைத் தொடும் அறுவைக்கு இந்தக் குழாய் நீர் கூடவே கூடாது.

கேள்வி: தனியார் பல் மருத்துவமனைக்கு அனுமதி வழங்குவது யார்? புகாரை எங்கே தருவது?
— வாசகர், திருச்சி

பதில்: மருத்துவர் மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கவேண்டும், மருத்துவமனையோ 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தனியே பதிவு பெறவேண்டும். இரண்டும் வேறுவேறு என்பதால் இரண்டு எண்களையும் பாருங்கள். தேசிய அளவிலான என்ஏபிஎச் தரச்சான்று விருப்பத்தின் பேரில் பெறுவது; அது இல்லாததாலேயே ஒரு சிறிய கிளினிக்கைக் குறைவாக எண்ணவேண்டியதில்லை. மருத்துவமனை பற்றிய புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், மருத்துவரின் நடத்தை பற்றியதைக் கவுன்சிலிடமும் தரலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் நிற்பதற்கு ரசீதும் எக்ஸ்ரே நகலும் மருந்துச்சீட்டும் கையில் இருக்கவேண்டும். துண்டுத்தாளில் எழுதிய தொகை அங்கே பயன்படாது.