ராகம் தெரியாமல் பாட்டைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: நான் கோவையில் வசிக்கிறேன், வயது 46. பாட்டு கற்றுக்கொண்டதில்லை, ஆனால் கர்நாடக சங்கீதம் கேட்பதென்றால் உயிர். எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அந்த வாரம் என்ன கேட்டோம் என்று பகிர்ந்துகொள்வோம். ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஒருவர் 'இந்த வாரம் பதினாலு கச்சேரி' என்று பட்டியல் வாசிக்கிறார். இன்னொரு பெரியவர், யார் எதைச் சொன்னாலும் பழைய பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை இழுத்து, 'அரியக்குடி கேட்டிருக்கீங்களா?' என்று மடக்கிவிடுகிறார். போன மாதம் நான், பாடகர் எம்.டி.ராமநாதனைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டேன். 'அதுக்கெல்லாம் ஞானம் வேணும்மா' என்றார். அதிலிருந்து நான் வாயே திறப்பதில்லை. ராகமெல்லாம் கற்றுக்கொண்ட பிறகுதான் பேச வேண்டுமா? ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதே தப்பா?

பெயர் வேண்டாம், கோவை.

பதில்: வாயைத் திறந்து பேசுங்கள், வரும் ஞாயிற்றுக்கிழமையே. ராகமெல்லாம் தெரிந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது, ஏனென்றால் காலமெல்லாம் கச்சேரி கேட்டவர்கள்கூட பாடகர் ஏதாவது ஒரு அபூர்வ ராகத்தை எடுத்துவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் காதில் 'என்ன ராகம் சார்?' என்று கிசுகிசுக்கத்தான் செய்வார்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

உங்கள் கூட்டத்தில் என்ன குறை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு கச்சேரி கேட்டேன் என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் 'அப்படியா' என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? அரியக்குடி மாதிரி வராது என்று இன்னொருவர் சொன்னாலும் அதே கதைதான், ஒன்று தலையாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை போட வேண்டும். நல்ல ரசிகர்கள் பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? 'அந்த இடம் இருக்கே, சரணத்துக்குப் போறதுக்கு முன்னாடி, அங்க ஒரு சங்கதி போட்டார் பாருங்க' என்பார்கள். (சரணம் என்பது பாட்டின் கடைசிப் பகுதி, சங்கதி என்பது ஒரே வரியைச் சற்றே மாற்றி மாற்றிப் பாடுவது.) இடத்தைச் சொல்லிவிட்டால் போதும், அதை எல்லோரும் சேர்ந்து திரும்பக் கேட்கலாம், ஒத்துப்போகலாம், மறுக்கலாம், அதுவரை காதில் விழாத ஒன்று யாருக்காவது விழலாம். ராகத்தின் பெயர் தெரியாதவரும் இடத்தைச் சொல்ல முடியும், எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொண்டு வந்தால் போதுமே.

ஒரு பாட்டை எடுத்துக்கொண்டே பார்ப்போம். 'ஓ ரங்கசாயி', காம்போதி ராகம், தியாகராஜர் ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துப் பாடியது. நான் கூப்பிட்டால் 'ஓ' என்று சொல்லிக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்கிறார், பாட்டின் தொடக்கமான பல்லவி அவ்வளவுதான். எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய பதிவு எளிதில் கிடைக்கும். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை பல்லவியை மட்டும். ஒவ்வொரு சங்கதிக்கும் அந்தக் கூப்பிடுதல் எப்படி ஏறுகிறது, கெஞ்சலா உரிமையா கோபமா என்று உங்களுக்குப் படுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவை சரணத்தில் 'பூலோக வைகுண்டம்' என்று வரும் வரிக்குப் போங்கள், நிரவல் செய்கிற இடம் அதுதான். அந்த ஒரே வரியைத் தாளத்துக்குள் நிறுத்தி, சொற்களை அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே வேறு வேறு விதமாகப் பாடுவார்கள். பிறகு அதே பாட்டை வேறு யாராவது பாடியிருப்பதை எடுத்து, அதே இரண்டு இடங்களை மட்டும் கேளுங்கள். பல்லவியில் இவர் எத்தனை சங்கதியோடு நிறுத்திக்கொண்டார், அவசரப்பட்டாரா, நிரவலில் சொல் சிதைந்ததா, வயலின்காரர் பின்னாலேயே வந்தாரா அல்லது விட்டுக்கொடுத்து நின்றாரா? ஒரு வாரத்துக்கு இது தாராளம், பதினாலு கச்சேரி தேவையில்லை.

அதனால், ஒப்பிடுவது தப்பா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தப்பே இல்லை, ஒப்பிட்டுக் கேட்கும்போதுதான் காது கூர்மையாகிறது. ஆனால் நியாயமாக ஒப்பிட வேண்டும். பழைய 78 இசைத்தட்டில் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் ஓடும். ஜி.என்.பி. (ஜி.என்.பாலசுப்பிரமணியம்) ஒரு கீர்த்தனையை அதற்குள் அடக்கிப் பாடியிருப்பதை வைத்துக்கொண்டு 'என்ன இப்படி ஓட்டுகிறார்' என்று சொல்வதும், அதையே ஒரு முழுக் கச்சேரியில் வேறொருவர் அரை மணி நேரம் விஸ்தாரமாகப் பாடியதோடு சேர்த்துப் பார்ப்பதும் அநியாயம். இன்னொன்று, ஒலிநாடாவிலிருந்து மாற்றிய பதிவுகளில் வேகம் பிசகியிருக்கலாம். நாடா சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், காலப்பிரமாணமும், அதாவது பாட்டின் வேகமும், கூடிவிடும். நாம் உட்கார்ந்துகொண்டு 'அந்தக் காலத்தில் என்ன விறுவிறுப்பு' என்று வியந்துகொண்டிருப்போம், அந்த விறுவிறுப்பில் கொஞ்சம் நாடாவுடையதாக இருக்கும். பாடகரின் வயதையும் பாருங்கள். முப்பது வயதில் பாடியதும் எழுபது வயதில் பாடியதும் ஒருவரே பாடியதுதான் என்றாலும் குரல் வேறு, மூச்சு வேறு, அதற்கேற்றபடி தேர்ந்தெடுக்கிற சங்கதிகளும் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது குருவையும் சிஷ்யரையும் அடுத்தடுத்துக் கேட்பது. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரிடம் கற்றவர் கே.வி.நாராயணசாமி, ஜி.என்.பி.யிடம் கற்றவர் எம்.எல்.வசந்தகுமாரி. பாடாந்தரம், அதாவது பாட்டைக் கற்ற வழி, ஒன்று, ஆனால் குரலும் மனசும் வேறு, அதனால் எது குருவின் சொத்து, எது சிஷ்யர் தானே சேர்த்தது என்று மெல்ல மெல்லப் பிடிபடும். இப்படிக் கேட்கும்போது யார் உசத்தி என்ற பேச்சே எழுவதில்லை.

மிருதங்கத்தை விட்டுவிடாதீர்கள், உங்கள் கடிதத்தில் பக்கவாத்தியம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பாலக்காடு மணி ஐயர் வாசித்த ஒரு பதிவையும் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த ஒரு பதிவையும் எடுத்து, தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைத் தொடாமல், பாடகர் பல்லவியிலிருந்து அடுத்த பகுதியான அனுபல்லவிக்குப் போகிற இடத்தில் மிருதங்கம் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். பழனி இடது கைக்காரர், அவருடைய தொப்பியின் (மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கத்தின்) நாதத்துக்காகவே உருகுகிற ரசிகர்கள் உண்டு. உங்கள் கூட்டத்தில் ஒருவராவது நிமிர்ந்து உட்காருவார்.

சரி, அந்தப் பெரியவர். அவர் சொன்ன வார்த்தை உங்களைக் காயப்படுத்தியது புரிகிறது, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவரை ஒதுக்கிவிடாதீர்கள், அவரிடம் சரக்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இன்று நாம் கேட்கிற கச்சேரி வர்ணத்தில் ஆரம்பித்து, நிறைய உருப்படிகளோடு, மத்யம காலம் என்கிற நடுத்தர வேகத்தின் சுறுசுறுப்போடு போகிறது என்றால் அதற்கு அந்த உருவத்தைக் கொடுத்ததில் அரியக்குடிக்குத்தான் பெரும் பங்கு. அதனால் அடுத்த தடவை அவர் மடக்கும்போது, 'எந்த இடம் சார்? போட்டுக் காட்டுங்களேன், எல்லாரும் கேட்கலாம்' என்று உண்மையான ஆசையோடு கேளுங்கள். பெரும்பாலும் முகம் மலர்ந்து தேடி எடுத்துப் போடுவார். ஒருவேளை எரிச்சல்பட்டால், அவருக்கு அன்று பாட்டைவிட வாதம்தான் வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுங்கள்.

ராகம் தானாக வரும், பிடித்து இழுக்க வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஒரு ராகம் போதும். இந்த மாதம் காம்போதி என்றால் பாட்டு வரிகள் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கிற ஒரு ஆலாபனை, இரண்டு கீர்த்தனை, நாதஸ்வரத்தில் ஒன்று, கிடைத்தால் தாளமில்லாமல் பாடுகிற ஒரு விருத்தம். அப்புறம் எங்கே கேட்டாலும் முகம் தெரிந்த ஆள் போல அடையாளம் தெரிந்துவிடும்.

கடைசியாக எம்.டி.ஆர். தூக்கம் வருகிறது என்று சொன்னதில் தவறில்லை, உங்களுக்கு நேர்ந்ததைத்தான் சொன்னீர்கள். அவர் டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர், அடிக்குரல், சௌக்க காலம் என்கிற மெதுவான நடை, ஒரு ஸ்வரத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாதவர் போல நிற்பார். மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்கள், அதாவது தாளத்தோடு இயல்பாக ஓடுகிற ஸ்வரங்கள், துள்ளிக்கொண்டு போவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது கஷ்டம்தான். ஒன்று செய்யுங்கள். 'சாமஜவரகமன', ஹிந்தோளம், அநேகமாக உங்களுக்குத் தெரிந்த பாட்டாகவே இருக்கும். முதலில் வேறு யாராவது வழக்கமான வேகத்தில் பாடியதைக் கேட்டுவிட்டு, எம்.டி.ஆர். பாடியதைப் போட்டு, ரிஷபமும் பஞ்சமமும் இல்லாத அந்த ஐந்து ஸ்வரங்களுக்கு நடுவே அவர் எங்கெங்கே காத்திருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். சமைத்துக்கொண்டோ பஸ்ஸில் போய்க்கொண்டோ கேட்க வேண்டாம், அவர் சங்கீதத்துக்கு அது ஒத்துவராது. இரவு வேலையெல்லாம் முடிந்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எந்த இடத்தில் பொறுமை போனது என்று ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரியவரிடமே சொல்லுங்கள், அந்த இடத்தைப் போட்டுக் காட்டியே சொல்லுங்கள். அவருக்கு அதே இடம்தான் உயிராக இருக்கும் என்பது என் ஊகம், அன்று சாயந்திரம் நீங்கள் இருவரும் பேசுவதற்கு நிறைய இருக்கும்.