கியர் ஆயில், ஏடிஎஃப், டப்பா மருந்து: தர்மபுரி, கிருஷ்ணகிரி வண்டிக்காரர்கள் கேட்டவை

கேள்வி (பாலக்கோடு): அண்ணா, பிக்கப் வண்டி, தக்காளி லோடு ஓடுது. போன மாசம் கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்சில் பல்சக்கரம்) ரெண்டுக்கும் ஒரே கேன்ல இருந்து 90 ஜிஎல்-5 ஊத்தினாங்க. அதுல இருந்து 2-லிருந்து 3 போடும்போது கரக்குனு சத்தம். ஜிஎல்-5 உசத்தின்னுதானே சொல்றாங்க?

பதில்: தம்பி, கேன்ல 90-ங்கறது ஆயிலோட கெட்டி, ஜிஎல்-ங்கறது அதோட வகை. ஜிஎல்-4க்கு அடுத்த உசத்தி ஜிஎல்-5ன்னு நினைக்காதீங்க. ரெண்டும் வேற வேற வேலைக்கு. கிரவுன்ல பினியன் பல் உருண்டு மட்டும் போகாது, வழுக்கி உரசிக்கிட்டே போகும். அந்த அழுத்தத்துல ஆயில் படலம் கிழியும். அப்போ இரும்பும் இரும்பும் ஒட்டிக்காம காப்பாத்தறது கந்தகம், பாஸ்பரஸ் கலந்த மருந்து. ஜிஎல்-5ல் அது ஜிஎல்-4ஐப் போல சுமார் ரெண்டு மடங்கு இருக்கும். கிரவுனுக்கு அது கட்டாயம்.

கியர் பாக்ஸ்ல பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கு. அது கியரோட கோனைக் கவ்விப் பிடிச்சு, ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்கின பிறகுதான் கியரைப் பூட்டற ஸ்லீவ் உள்ளே போகணும். கவ்வறதுக்கு உராய்வு வேணும். ஜிஎல்-5 அங்கே வழுக்கும், ரிங் பிடிக்கறதுக்குள்ள ஸ்லீவ் பல்லுல மோதும். உங்களுக்குக் கேட்கிற 'கரக்' அதுதான். போதாக்குறைக்கு, சூட்டுல அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யும். ஒரு மாசம்தான் ஆச்சு, இப்பவே மாத்தினா ரிங் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

பத்து கிலோமீட்டர் ஓட்டி ஆயில் சூடான பிறகு, சமதளத்துல நிறுத்துங்க. முதல்ல மேலே இருக்கிற ஃபில்லர் போல்ட்டைக் கழட்டுங்க, அப்புறம்தான் கீழே டிரெய்ன் போல்ட். மாத்திச் செஞ்சு, ஆயிலை இறக்கின பிறகு ஃபில்லர் போல்ட் துருப்பிடிச்சு வரலைன்னா வண்டி அங்கேயே நிக்கும். டிரெய்ன் போல்ட்ல காந்தம் இருந்தா அதைப் பனியன் துணியில துடைச்சுப் பாருங்க. சாம்பல் நிறத்துல மை மாதிரி நைஸா ஒட்டியிருந்தா சாதாரணத் தேய்மானம். விரல்ல குத்துற மாதிரி சில்லு இருந்தா பல் உடைஞ்சிருக்கு. பித்தளை காந்தத்துல ஒட்டாது, அதனால வடிச்ச ஆயிலை வெயில்ல சாய்ச்சுப் பாருங்க. தங்கத்தூள் மாதிரி மின்னினா ரிங் தேயுது. புது வாஷர் போட்டு மூடி, வண்டிப் புத்தகத்துல இருக்கிற ஜிஎல்-4 கிரேடை ஃபில்லர் துளையோட கீழ் விளிம்புல வழியற வரைக்கும் ஊத்துங்க.

இதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணிடுங்க. இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுசா மிதிச்சு, அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் கரகரத்தா, இன்ஜினை அணைச்சா சுலபமா விழுந்தா, கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். அதை எந்த ஆயிலும் சரி பண்ணாது.

கேள்வி (காவேரிப்பட்டணம்): 75டபிள்யூ-80 கியர் ஆயில் தண்ணி மாதிரி இருக்கே சார். நம்ம ஊர் வெயிலுக்கு 90 ஊத்தலாமா?

பதில்: வேண்டாங்க. கியர் ஆயில் எண்ணுக்குத் தனி அளவுகோல், இன்ஜின் ஆயில் எண்ணுக்குத் தனி அளவுகோல். கியர் 90-ம் இன்ஜின் 40, 50-ம் சூட்டுல ஏறக்குறைய ஒரே கெட்டி. 75டபிள்யூ-80 கேட்கிற சின்ன கார்ல 90 ஊத்தினா, மார்கழிக் காலையில 2-வது கியர் முரண்டு பிடிக்கும், மைலேஜும் குறையும்.

கேள்வி (கிருஷ்ணகிரி): என் கார் சிவிடி (கியருக்குப் பதிலா பெல்ட் ஓடற ஆட்டோமேட்டிக்). கடையில ஏடிஎஃப் (சாதாரண ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில்) போதும், ரெண்டும் ஆட்டோமேட்டிக்தானேன்னு சொல்றாங்க.

பதில்: தயவுசெஞ்சு ஊத்தாதீங்க. சிவிடியில ரெண்டு புல்லிக்கு நடுவே இரும்பு பெல்ட் ஓடுது. எண்ணெய்ல முங்கியிருந்தும் அந்த பெல்ட் வழுக்கக் கூடாது, அதுக்குத்தான் சிவிடி ஆயிலைத் தனியா செய்யறாங்க. ஏடிஎஃப் செஞ்சது சாதாரண ஆட்டோமேட்டிக்ல இருக்கிற கிளட்ச் தட்டுகளுக்கு. அதை ஊத்தினா பெல்ட் சறுக்கி புல்லி முகத்துல கோடு விழும். உதிர்ற இரும்புத்தூள், ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தற வால்வு பாடி வரைக்கும் போகும். அப்புறம் சரியான ஆயில் ஊத்தினாலும் அந்தக் கோடு மறையாது.

நிசான் வகைக்கு என்எஸ்-2, என்எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்சிஎஃப்-2னு பேர் இருக்கும். உங்க புத்தகத்துல என்ன பேரோ, அதே பேர் கேன்ல இருக்கணும். தவறா ஊத்திட்டாங்கன்னா ஓட்டிப் பார்க்காதீங்க, டோ பண்ணிக் கொண்டு போய் வடிங்க.

கேள்வி (பென்னாகரம்): ஏஎம்டி (கிளட்ச், கியரைத் தானே போடற மேனுவல் பாக்ஸ்) காருக்கு எந்த ஆயில்?

பதில்: உள்ளே இருக்கிறது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், கியர் ஆயிலே போதும். எலக்ட்ரோ ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் (ஆயில் அழுத்தத்துல கியர் மாத்தற கருவி) உள்ள மாடல்ல ஒரு சின்ன டேங்க் தனியா இருக்கும், அதுக்கு வேற ஆயில். ரெண்டையும் குழப்பிடாதீங்க.

கேள்வி (தர்மபுரி): ஆட்டோமேட்டிக் கார், 90,000 கிலோமீட்டர். ஆயில் ஒரு தடவையும் மாத்தலை. 'லைஃப்டைம்'னு சொன்னாங்க. அடிக்கடி தொப்பூர் கணவாய் வழியா சேலம் போவேன். இப்போ ஏடிஎஃப் பழுப்பா இருக்கு. மிஷின் வச்சு ஃப்ளஷ் பண்ணலாமா?

பதில்: 'லைஃப்டைம்'னு சொல்றதை நம்பி விட்டுடாதீங்க. புத்தகத்துல 'கடினமான ஓட்டம்'னு தனி அட்டவணை இருக்கும், மலைப்பாதை அதுல வரும். சேலத்துலிருந்து ஏறி வரும்போது டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியா பாக்ஸுக்குக் கடத்தறது) ஆயிலைக் கலக்கிக் கலக்கிச் சூடாக்குது, சூடுதான் ஏடிஎஃப்பைக் கொல்லுது. இறங்கும்போது எல் (லோ கியர்) அல்லது மேனுவல் மோடுல வச்சு இன்ஜின் பிடிப்புல இறங்குங்க. நியூட்ரல் போட்டு இறங்கறது அந்தக் கணவாய்ல உயிருக்கே ஆபத்து.

பழுப்பு மட்டும்னா மாத்திக்கலாம். கருத்து, தீய்ஞ்ச வாடை வந்து, கியரும் தாமதமா விழுந்தா, கிளட்ச் தட்டு ஏற்கெனவே எரிஞ்சிருக்கு. முதல்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

ஃப்ளஷ் மிஷினை விட வடிச்சு ஊத்தறதுதான் என் தேர்வு. 8 லிட்டர் பிடிக்கிற பாக்ஸ்ல 3 லிட்டர்தான் வடியும், மிச்சம் கன்வெர்ட்டர்ல தங்கிடும். ஒரு தடவையில 37.5 சதவீதம் புதுசு. நடுவுல சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மூணு தடவை செஞ்சா 76 சதவீதம் புதுசு. வடிஞ்ச அளவை அளந்து, அதே அளவு ஊத்துங்க. டிப்ஸ்டிக் இல்லாத வண்டியில, புத்தகம் சொல்ற ஆயில் சூடு வந்ததும், இன்ஜின் ஓட, லெவல் போல்ட்டைத் திறந்து சொட்டுச் சொட்டா விழுதான்னு பார்க்கணும். ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருந்தா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு, வண்டியை எடுக்கவே கூடாது.

கேன்ல 'டெக்ஸ்ரான் 3'ன்னு பார்த்தும் ஏமாறாதீங்க. ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட அந்த ஏடிஎஃப் தரத்துக்கு உரிமம் கொடுக்கறதை 2006-ஓட நிறுத்திட்டாங்க. இன்னைக்கு அந்தப் பேர்ல வர்றதுக்கு யாரும் சான்று தரலை.

கேள்வி (ஓசூர்): ஆயில் மாத்தும்போதெல்லாம் 'இன்ஜின் ட்ரீட்மென்ட்' டப்பா ஒண்ணு சேர்க்கச் சொல்றாங்க. பிரயோஜனம் உண்டா?

பதில்: நல்ல ஆயில்ல தேய்மானத் தடுப்பு, அழுக்கு நீக்கி, நுரைத் தடுப்பு எல்லாம் அளந்து கலந்துதான் வருது. மேல ஒரு டப்பா ஊத்தினா அந்த அளவு கெடும். டெஃப்லான் கலந்த ஸ்லிக் 50-ங்கற இன்ஜின் மருந்தோட விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டு, 1997ல் அது சமரசத்துல முடிஞ்சது. அந்தக் காசுக்கு ஆயிலை 2,000 கிலோமீட்டர் முன்னாடியே மாத்துங்க, இன்ஜினுக்கு அதுதான் நல்லது.

டப்பா உண்மையிலேயே தேவைப்படற இடம் ஒண்ணு இருக்கு. கிளட்ச் தட்டு வச்ச லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்ல (ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்தாம தடுக்கற கிரவுன்) ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கற மருந்து) இல்லைன்னா திருப்பத்துல அதிரும். அதுவும் புத்தகம் கேட்டா மட்டும், சொன்ன அளவு மட்டும்.

கேள்வி (அரூர்): ஆக்சில் சீல்ல கசியுது. லீக் நிறுத்தற மருந்து ஊத்தலாமா?

பதில்: முதல்ல ஆக்சில் ஹவுசிங் மேல இருக்கிற பிரீதரை (உள்ளே காத்து போய் வர்ற துளை) கழட்டி ஊதிப் பாருங்க. சேறு அடைச்சிருந்தா, சூட்டுல உள்ளே காத்து விரிஞ்சு, நல்ல சீல் வழியாவும் ஆயிலை வெளியே தள்ளும். பிரீதர் சுத்தமா இருந்தும் கசிஞ்சா, ரப்பர் இறுகிப்போன சீலை அந்த மருந்து கொஞ்ச நாள் ஊத வைக்கும். கிழிஞ்ச சீலுக்கோ, பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கோ வேலை செய்யாது. புது சீல் போடும்போது உதட்டுல ஆயில் தடவிப் போடச் சொல்லுங்க, காய்ஞ்சு போட்டா முதல் நாளே தேயும்.