ஷெஃபீல்டில் 125 சிசி வண்டி வாங்கலாமா?

தங்கச்சி, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து உன் கேள்வியைப் படித்தேன். ஷெஃபீல்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, ஆஸ்பத்திரியில் காலை ஏழரை மணி ஷிஃப்ட்டுக்கு இரண்டு பஸ் மாறி ஓடித்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது, கூட வேலை பார்ப்பவர் 2013 மாடல் யமஹா ஒய்.பி.ஆர். 125 ஒன்றை 900 பவுண்டுக்குத் தருகிறேன் என்கிறார், மதுரையில் ஸ்கூட்டி ஓட்டிய பழக்கம் உண்டு, இந்தக் குளிரில் அது சரிப்படுமா, இல்லை வீட்டுக்காரர் சொல்வதுபோல் காசு சேர்த்துக் கார் வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். என் தங்கையின் வயதுதான் உனக்கும் இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

வாங்கு. ஆனால் மார்ச்சில் வாங்கு. இது நவம்பர். நம் ஷிஃப்ட்டுக்குப் போகும்போதும் இருட்டு, எட்டு மணிக்குத் திரும்பும்போதும் இருட்டு. டிசம்பரில் எட்டேகால் வாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், நாலு மணிக்குள் போய்விடும். இந்த ஊர்ச் சாலையைப் பழகாத ஒருத்தி கியர் வண்டியையும் பனியையும் இருட்டையும் ஒரே மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டாம். இந்தக் குளிர்காலம் முழுவதும் பஸ்ஸிலேயே போ. அதற்குள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் லைசென்ஸ். நம்மூர் லைசென்ஸில் எந்த வகை வண்டி எழுதியிருக்கிறதோ அதை இங்கே குடிவந்த நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். உன்னுடையதில் கியர் இல்லாத வண்டி என்று மட்டும் இருந்தால் இந்த யமஹாவுக்கு அது ஆகாது. கியர் வண்டி என்றே இருந்தாலும் அதை நம்பி இருந்துவிடாதே. இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தரமாட்டார்கள். 12 மாதம் முடிந்ததும் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அதனால் இப்போதே லைசென்ஸ் தரும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வின் தளத்தில் 34 பவுண்ட் கட்டி, புரொவிஷனல் என்கிற பழகுநர் லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடு. அது கைக்கு வந்ததும் சி.பி.டி. என்கிற ஒருநாள் பயிற்சிக்குப் போகலாம். நான் விசாரித்தவரை 150 பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். காலையில் 20 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு நம்பர் பிளேட்டைப் படிக்கச் சொல்வார்கள். அப்புறம் திடலில் எட்டுப் போடுவது, சடாரென்று பிரேக் பிடித்து நிறுத்துவது. மதியத்துக்கு மேல் குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில் ஓட்ட வேண்டும். பயிற்சியாளர் பின்னால் வந்துகொண்டே காதுக்குள் பேசுவார். கேட்கும்போதே கியர் வண்டி வேண்டும் என்று சொல். எனக்கு முதல் நாள் கிளச் பிடிபடவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள், போனேன். இது தேர்வு இல்லை, அதனால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தச் சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். அதுவரை முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் பலகை இருக்க வேண்டும். மோட்டார்வேயில் ஏறக்கூடாது, பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. வீட்டுக்காரரை உட்கார வைத்துக்கொண்டு கடைக்குப் போவது முழு லைசென்ஸ் எடுத்த பிறகுதான். அந்த இரண்டு வருஷத்துக்குள் தியரியும் இரண்டு பகுதி செய்முறைத் தேர்வும் முடித்துவிட்டால் திரும்பவும் சி.பி.டி.க்குக் காசு கட்ட வேண்டியதில்லை.

இனி வண்டி. 125 என்றால் சின்னது என்று உன் வீட்டுக்காரர் நினைக்கலாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இப்போது நான் வைத்திருக்கும் ஹோண்டா சி.பி. 125 எஃப் 117 கிலோதான். ஷிஃப்ட் முடிந்து கால் வலியோடு வரும்போது அதை ஒற்றை ஆளாகப் பின்னுக்குத் தள்ளி, திருப்பி, சந்துக்குள் விட முடிகிறது. டேங்க் 11 லிட்டர். வேலைக்குப் போய்வர மட்டும் என்றால் எப்போது பெட்ரோல் போட்டோம் என்பதே மறந்துபோகும். 20, 30 மைல் வேக வரம்பு உள்ள ஊர்ச் சாலைகளுக்கு அதன் பலம் தாராளம். பார்க்வே மாதிரி வேகச் சாலையில் எதிர்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் திணறும், பின்னால் லாரி வந்து ஒட்டும். அந்தப் பக்கம் போகாதே. இங்கே 2023-லிருந்து இருக்கும் சுத்தக் காற்று மண்டலத்தில் பைக்குக்குக் கட்டணம் இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்த ஊரின் உப்பைப் பற்றி.

அப்பா ஒரு டி.வி.எஸ். 50 வைத்திருந்தார். அதற்கு என்ன வந்தாலும் தெருமுனை ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் விட்டுவிட்டு டீ குடித்து வருவார், வண்டி தயாராக இருக்கும். வண்டிக்குச் சொந்தக்காரர் அப்பா, வண்டியைத் தெரிந்தவர் அந்த அண்ணன். நானும் அந்த எண்ணத்தோடுதான் 2014-ல் ஒரு பழைய ஹோண்டா சி.ஜி. 125 வாங்கினேன். அந்தக் குளிர்காலம் முழுக்க ஓட்டினேன். ஒரு தடவைகூடக் கழுவவில்லை, ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். பனி பெய்வதற்கு முன்பே இங்கே லாரியில் வந்து சாலையில் கல் உப்பு தூவிவிடுவார்கள். அது தண்ணீரில் கரைந்து தெறித்து வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் படியும். பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் வண்டியைத் தள்ளினேன், பின் சக்கரம் உருளவில்லை. செயின் கண்ணிகள் துருவேறி மடிந்தபடியே நின்றன; பின் பிரேக் இறுகிப்போயிருந்தது. கராஜில் மணிக்கு இவ்வளவு என்று கூலி. செயின், இரண்டு பல்சக்கரம், பிரேக் வேலை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 300 பவுண்ட் ஆனது. அன்று நான் வார்டுக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனதும், எனக்காக ஒருவர் கூடுதலாக நின்றதும்தான் பணத்தைவிட அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். இங்கே தெருமுனை அண்ணன் கிடையாது. அந்த அண்ணனாக நீயேதான் ஆக வேண்டும். ஐ.வி. லைன் போடத் தெரிந்த கைக்குச் செயின் பெரிய வேலை இல்லை.

குளிர்காலத்தில் வாரம் ஒரு முறை, உப்புச் சாலையில் ஓட்டிய அன்றே முடிந்தால் இன்னும் நல்லது, பச்சைத் தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவு. வெந்நீர் ஊற்றாதே, உப்பு இன்னும் வேகமாக அரிக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள். சாவியைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைக்கப் போய் விரலை இழந்தவர்கள் உண்டு. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுச் செயினைத் தேய், சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்று, துணியால் துடை. செயினுக்கு மசகு எண்ணெய் ஸ்ப்ரே அடிப்பது ஓட்டி வந்தவுடன், செயின் சூடாக இருக்கும்போது. கீழ் ஓட்டத்தின் உள்பக்கமாக அடி. சக்கரம் சுற்றும்போது அது தானே கண்ணிக்குள் இறங்கும். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் அடித்துவிட்டு உடனே கிளம்பினால் பாதி உன் பேண்ட்டில்தான் இருக்கும்.

செயினை விரலால் மேலும் கீழும் தூக்கிப் பார்த்தால் சுமார் ஒரு அங்குலம் ஆட வேண்டும். உன் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். தொங்கக்கூடாதே என்று இறுக்கி வைத்துவிடாதே. ரொம்ப இறுகினால் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

என்ஜின் ஆயில் ஒரு லிட்டர் அளவுதான், நீயே மாற்றலாம். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்று எழுதியிருக்கும் பைக் ஆயிலாகப் பார்த்து வாங்கு. கார் ஆயில் விலை மலிவாகக் கிடைக்கும், ஊற்றிவிடாதே. இந்த வண்டிகளில் கிளச் அதே ஆயிலில் முங்கித்தான் ஓடுகிறது, கார் ஆயில் சிலவற்றில் கலந்திருக்கும் வழுக்குப் பொருள் கிளச்சை நழுவ விடும். அப்புறம் அக்டோபர் முடிவதற்குள் துருத் தடுப்பு ஸ்ப்ரே ஒன்று வாங்கி, போல்ட், ஃபிரேம், சைலன்சர் மூட்டு எல்லாவற்றிலும் அடித்துவிடு. பிரேக் டிஸ்க் மேல் மட்டும் ஒரு துளிகூடப் படக்கூடாது. டயர்ப் பள்ளம் சட்டப்படி 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழை ஊரில் நான் 2-க்கு வந்ததும் மாற்றிவிடுவேன்.

சாலையைப் பற்றிச் சொன்னால், இடப்பக்கம் ஓட்டுவது உனக்குப் பழக்கம்தான். ஷெஃபீல்டில் பழகாதவரை விழ வைப்பது டிராம் தண்டவாளம். ஈரமான தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும், பள்ளத்திலும் மாட்டும். ஒரு மழை நாளில் அவசரத்தில் நான் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டு வீங்கி ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. வேகத்தைக் குறைத்து, முடிந்தவரை நேர் குறுக்காகக் கட, தண்டவாளத்தின் மேல் இருக்கும்போது பிரேக்கும் பிடிக்காதே, திருப்பவும் செய்யாதே. இலையுதிர் காலத்தில் ஈர இலை, சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி எல்லாமே இதே ஜாதிதான். மேட்டில் சிக்னல் விழுந்தால் பின் பிரேக்கை மிதித்தபடி கிளச்சை விடப் பழகு. இந்த ஊரில் மேடு இல்லாத தெரு குறைவு. ஹாரன் விஷயத்தில் மதுரையை மறந்துவிடு. இரவு பதினொன்றரையிலிருந்து காலை ஏழு வரை குடியிருப்புப் பகுதியில் அடிக்கவே கூடாது. அவ்வளவு சீக்கிரம் கிளம்பும் நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வெப்பநிலை 3 டிகிரிக்குக் கீழே என்று போன் காட்டினால் அன்று பஸ். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் தார் மேல் படியும் பனிக்கட்டிக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் பதில் இல்லை. மற்ற குளிருக்கு வழி உண்டு. ஹேண்டில்பார் மேல் மாட்டும் கையுறைக் கூடு 20, 30 பவுண்டில் கிடைக்கும், பார்க்க அழகாக இருக்காது, ஆனால் விரல் விரலாக இருக்கும். ஹெல்மெட் ஊரிலிருந்து கொண்டு வராதே, ஐ.எஸ்.ஐ. முத்திரை இங்கே செல்லாது. இ.சி.இ. 22.06 என்று ஒட்டியிருப்பதைத் தலையில் போட்டுப் பார்த்து வாங்கு, ஜடையைத் தாழ்வாகப் பின்னிக்கொண்டு போ. துப்பட்டா மட்டும் கூடவே கூடாது. நம்மூர் பைக்கில் இருக்கும் சேலைக் கம்பி இந்த வண்டிகளில் கிடையாது.

செலவில் உன்னைத் திகைக்க வைக்கப் போவது இன்சூரன்ஸ். முதல் வருஷம் நான் கட்டியது வண்டி விலையில் பாதிக்கு மேல். வருஷா வருஷம் குறைந்தது. சாலை வரி வருஷத்துக்கு 25 பவுண்டை ஒட்டித்தான், ஆனால் பழைய சொந்தக்காரர் கட்டிய வரி உனக்கு வராது; வாங்கிய அன்றே உன் பெயரில் கட்ட வேண்டும். வண்டி சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்.ஓ.டி. பரிசோதனை வருஷத்துக்கு ஒரு முறை, 30 பவுண்டுக்குள் முடிந்துவிடும். இதெல்லாம் சேர்த்தாலும் கார் பக்கத்தில் வராது. இரண்டு வருஷம் இதை ஓட்டி, சாலையும் பழகி, காசும் சேர்ந்தபின் கார் வாங்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல். திருட்டு பயம் உண்மை. லேசான வண்டி என்பதால் இரண்டு பேர் தூக்கி வேனில் ஏற்றிவிடுவார்கள், ஹேண்டில் லாக் அவர்களுக்குத் தடையே இல்லை. தரையில் பதித்த வளையமும் தடித்த சங்கிலியும் முதல் வாரமே வாங்கிவிடு.

இவ்வளவு தொல்லையா என்று தோன்றினால், மே மாதத்தில் ஒரு நாள் காத்திரு. ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஆறே முக்காலுக்குக் கிளம்பினால் காலியான சாலை, ஈர மண் வாசனை, மேட்டு உச்சியிலிருந்து கீழே ஊர் முழுக்கத் தெரியும். விடுமுறை நாளில் ஸ்னேக் பாஸ் மலைப்பாதைக்குப் போகும் சாலையில் லேடிபவர் நீர்த்தேக்கம் வரை போய் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மேட்லாக் பாத் போனால் ஊரே பைக்காக நிற்கும். ஆயிரம் சிசி வண்டிக்காரரும் எதிரே வரும்போது என் 125-ஐப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார். இந்த நாட்டில் யாருக்கும் என்னைத் தெரியாது என்று அழுத வருஷங்களில் அந்தத் தலையசைப்பு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று உனக்கு இப்போது புரியலாம்.

அந்த யமஹாவின் நம்பரை வாங்கி அரசுத் தளத்தில் எம்.ஓ.டி. வரலாற்றைப் பார்த்துவிடு, காசு கேட்காது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை மைல், எதில் குறை சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும். துரு என்ற வார்த்தை வருஷா வருஷம் வந்திருந்தால் 900 பவுண்ட் அதிகம். வி5சி பதிவுப் புத்தகம் விற்பவர் பெயரில் இருக்கிறதா, ஃபிரேம் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். மார்ச்சில் உனக்கு ஓய்வு இருக்கும் ஞாயிற்றுக்கிழமையைச் சொல், நானும் கூட வருகிறேன். நாம் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லிவை. குளிர்ந்த எஞ்சின் எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும்.